மிச்சமிருந்த ஒரு வசனம்

ஆஸ்பத்திரியில் எங்கள் சனத்துக்காக மொழிபெயர்த்து வாய் திறக்க வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் பல்கலைக்கழகம் வரை போனவர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் பாரிசில், எங்கள் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஊசிக்குப் பயந்த எந்தத் தமிழனைக் கேட்டாலும், "துரையண்ணையைக் கூட்டிக்கொண்டு போனன்" என்றுதான் சொல்லுவான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

பிரெஞ்சு நான் படித்தது ஒரு உணவகத்தின் குசினியில். கோப்பை கழுவிக்கொண்டு நின்ற என்னைத் தலைமைச் சமையல்காரன் ஏசுவான். அவன் ஏசுகிறதை விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற வைராக்கியத்தில் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்தேன். பிறகு திருப்பி ஏசப் படித்தேன். அதன்பிறகுதான் மரியாதையான பிரெஞ்சு வந்தது. கோப்பை கழுவின காசில் மரக்கறிக் கடை போட்டேன். கடைக்கு வருகிறவர்கள் கத்தரிக்காயோடு தங்களுக்கு வந்த கடிதம், பத்திரம் என்று எல்லாப் பப்பியேயையும் கொண்டுவந்து நீட்டுவார்கள். "அண்ணை, இதில என்ன எழுதியிருக்கு?" வாசித்துச் சொல்லுவேன், கூடப் போய்க் கதைத்தும் கொடுப்பேன்.

2009இல் ஊரில் சண்டை முடிந்த பிறகு வந்து சேர்ந்த சனம் வேறு மாதிரி. உடம்பில் காயமும் மனதில் பயமுமாக வந்தார்கள். ஆஸ்பத்திரிக்காரருக்குத் தமிழ் வாய் ஒன்று தேவைப்பட்டது. அப்போதுதான் மதாம் என்னைத் தேடி வந்தார்.

பெயர் சொல்ல மாட்டேன். எல்லோரும் மதாம் என்றே கூப்பிட்டோம். கடல் நடுவில் பிரான்சுக்குச் சொந்தமான ஒரு தீவில் பிறந்த கறுப்பினப் பெண். அவருடைய தாய் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவர், மகள் இவர் அதே மாதிரி ஒரு ஆஸ்பத்திரியில் டொக்டர், பேராசிரியை. என்னிடம், "உங்களிடம் என்ன சான்றிதழ் இருக்கிறது?" என்று கேட்டார். "என்னோடு இந்தத் தெருவில் ஒரு தரம் நடந்து பாருங்கள்," என்றேன். நடந்தார். தெரு முடிவதற்குள் எத்தனை பேர் மறித்தார்கள் தெரியுமா? ஒருத்திக்குப் பிரசவம், ஒருத்தருக்குக் கண், ஒரு பெடியனுக்குப் பல்லு. மதாமுக்கு வேறொருவரைச் சந்திக்க இருந்த ரோந்தேவு தவறிப்போய்விட்டது. அடுத்த நாள் எனக்கு வேலை கிடைத்தது.

மதாம் ஒவ்வொரு கோடையிலும் சில மாணவர்களை எடுத்துப் பயிற்சி கொடுப்பார். எந்த நாட்டிலிருந்து வந்தாலும், அந்த நாட்டில் சிறுபான்மையாக வாழ்கிற சனத்தின் பிள்ளைகளாக இருக்க வேண்டும். அதுதான் அவர் கணக்கு. முதல் நாள் அவர்களுக்கு ஒரே ஒரு விசயம் சொல்லுவார்.

"ஒரே நகரம், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே நோய். ஒருவர் தன் காலால் நடந்து வருகிறார். மற்றவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஏன்? அந்த ஏனைத் தேடத்தான் வந்திருக்கிறீர்கள். பெரும்பான்மையின் பிள்ளைகள் இதைப் புத்தகத்தில் வாசிப்பார்கள். நீங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள்."

நான் சொல்லப்போவது இரண்டு பேர் வந்த ஒரு கோடையைப் பற்றி. ஒருத்தி டெனீஸ், அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பிள்ளை. பனை மாதிரி உயரம். தகப்பனைப் பிந்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இழந்தவள். அதனால் அதிகம் பேசமாட்டாள், ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். மற்றவள் ஆரணி. எங்கட பிள்ளை. பாரிசுக்குப் பக்கத்து ஒபர்வில்லியேயில் பிறந்து வளர்ந்தவள், தகப்பன் அங்கேயே சாமான் கிடங்கில் வேலை. தாய் தமிழில் கேட்டால் இவள் பிரெஞ்சில் பதில் சொல்லுகிற சாதி. முதல் நாளே ஒரு வயோதிபரைப் பார்த்து, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டு அந்த மனுசனைத் திகைக்க வைத்தாள்.

"பிள்ளை, உன்ரை தமிழைக் கேட்டா நோயாளிக்குப் புதுசா ஒரு வருத்தம் வரும்," என்றேன்.

"நல்லதுதானே மாமா. அப்ப உங்களுக்கு வேலை கூடும்," என்று பிரெஞ்சில் திருப்பித் தந்தாள்.

வாய்க்காரி. ஆனால் காது இருக்கிறதே, அது கத்தி. தமிழில் ஒரு வசனம் ஒழுங்காகச் சொல்ல வராது, ஆனால் தமிழில் யார் என்ன சொன்னாலும் ஒன்றும் தப்பாது. இதை அந்த நேரம் நான் கவனத்தில் எடுக்கவில்லை.

அந்த வருசம் அவர்கள் தேடியது கிட்னி வருத்தம் பற்றி. எங்கள் சனம் ஏன் கிட்னி முழுக்கப் போன பிறகே, மூச்சுத் திணறித்தான் ஆஸ்பத்திரிக்கு வருகுது என்று. விரும்பியவர்களுக்கு இரத்தமும் சலமும் சோதித்து, முடிவை வீட்டுக்கே போய்ச் சொல்வது. மதாம் பிரெஞ்சில் சொல்லுவார், நான் தமிழில் சொல்லுவேன், பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகுவார்கள்.

இந்த இடத்தில் என் கைத்திறனைச் சொல்ல வேண்டும். டொக்டர்மார் கல்லு மாதிரிச் சொல்லுவார்கள். அதை அப்படியே எறிந்தால் எங்கள் ஆட்கள் இடிந்து போவார்கள். கெட்ட செய்தியை நோயாளிக்கு நேரே சொல்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. புருசனுக்குச் சொல்லுவோம், தமையனுக்குச் சொல்லுவோம், நோயாளிக்கு, "கொஞ்சம் கவனமா இருக்கட்டாம்," என்று மட்டும் சொல்லுவோம். நான் இதில் பேர் எடுத்தவன். "துரையண்ணை சொன்னா நோகாது" என்பார்கள். என்னை எல்லா வீட்டுக்காரரும் விரும்பினதற்கு அதுவும் ஒரு காரணம்.

லா சப்பலுக்குப் பக்கத்தில் மார்க்ஸ் டோர்மோயில், லிப்ட் இல்லாத கட்டிடத்தின் நாலாம் மாடியில் புவனாவின் வீடு. புருசன் தேவன் உணவகத்தில் வேலை. ஒரே மகளுக்குக் கலியாணம் பொருந்தி, மண்டபமும் எடுத்தாயிற்று. இரத்தச் சோதனைக்குப் புவனா வந்தது எங்கள் வற்புறுத்தலால்தான். முடிவு வந்ததும் மதாம் எங்களைக் கூப்பிட்டு முகத்தைச் சுருக்கினார். கிட்னி இரண்டும் அநேகமாகப் போய்விட்டது. திங்கட்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் இடம் பிடித்துவிட்டேன், பிந்தினால் இதயம் நின்றுபோகலாம் என்றார். அன்று வெள்ளி. உடனே புறப்பட்டோம்.

மூன்றாம் மாடியிலேயே தேவன் காத்துக்கொண்டு நின்றான். மதாமும் பிள்ளைகளும் முன்னால் ஏற, என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணை, மாப்பிள்ளையின்ரை பெரியம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிக்கிறா. கலியாணக் கூறைச் சீலை காட்டவாம். அவவுக்கு முன்னால வருத்தம் கிருத்தம் எண்டு ஒண்டும் வரக்கூடாது."

"முடிவு நல்லாயில்லை, தேவன்."

"அது எனக்குத் தெரியாதோ. அவளின்ரை காலைப் பாக்கிறன்தானே. தாய்க்கு வருத்தமெண்டா மகளுக்கும் வருமெண்டு சொல்லுவினம், கலியாணம் குழம்பிப் போம். முடியட்டும் அண்ணை. அடுத்த நாளே நான் தூக்கிக்கொண்டு போறன்."

"பாப்பம்," என்றேன். எங்கள் ஆட்களுக்குள் அந்தச் சொல் வந்தால் காரியம் முடிந்த மாதிரி.

உள்ளே போனால் சோபா நிறையச் சேலைப் பெட்டி. நடுவில் பெரியம்மா. சந்தையில் விலை கேட்கிற அளவுக்குத்தான் அவருக்குப் பிரெஞ்சு. புவனாவுக்கும் தேவனுக்கும் அதைவிடப் பெரிதாக இல்லை. மதாம் புவனாவோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்றார். தேவன் முந்திக்கொண்டான். "சொந்தக்காரர்தானே, என்னத்தை ஒளிக்கிறது?" பெரியம்மாவை எழுப்பினால் சந்தேகம் வரும் என்பது அவன் கணக்கு. மதாம் புவனாவிடமே கேட்கச் சொன்னார். கேட்டேன். புவனா புருசனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

மதாம் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னார். கிட்னி, திங்கட்கிழமை, இரத்தம் சுத்திகரிக்கிற மெசின், பிந்தினால் என்ன ஆகும், எல்லாம். நீளமாகச் சொன்னார்.

எல்லாருடைய கண்ணும் என் மேலே. தேவனின் கண் ஒரு பக்கம், பெரியம்மாவின் கண் மறுபக்கம்.

நான் சொன்னேன்: "புவனா, கிட்னி கொஞ்சம் பலவீனமாம். உப்பைக் குறைக்கட்டாம். வசதிப்படேக்க ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டட்டாம்."

பெரியம்மா சிரித்தார். "உப்புத்தானே. எனக்கும் அதைத்தான் சொல்லுறாங்கள்."

மதாம் என்னைப் பார்த்து, "விளங்கிக்கொண்டாரா?" என்று கேட்டார். விளங்கினது என்றேன். அந்த நேரத்தில் அதுதான் சரியென்று நினைத்தேன். அந்த வீட்டுக் கலியாணம் என் வாயில் நின்றது, பிள்ளைகளே. நீங்களும் ஒருநாள் அந்த இடத்தில் நிற்பீர்கள். அப்போது தெரியும்.

இனிச் சொல்லப்போவதைத்தான் நான் எத்தனை வருசமாகியும் வியந்துகொண்டிருக்கிறேன்.

ஆரணி என்னைப் பார்த்தாள். அவளுக்கு மதாம் சொன்னதும் தெரியும், நான் சொன்னதும் தெரியும். இடையில் விழுந்துபோனதும் தெரியும். அந்த அறையில் அது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். டெனீசுக்குத் தமிழ் இல்லை, பிரெஞ்சும் அரைகுறை. ஆனால் அவள் புவனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள். இப்படியான செய்தி கேட்ட முகம் அதுவல்ல என்று பிடித்துவிட்டாள். தன் வீட்டில் தகப்பனின் முகத்தை எத்தனை தரம் பார்த்திருப்பாள். ஆரணியைப் பார்த்தாள். ஆரணி கண்ணால் ஏதோ சொன்னாள். அவ்வளவுதான்.

டெனீஸ் எழும்பிப் போய்ச் சேலைப் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். கூறையைத் தொடாமல் கையைக் காட்டி, தனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொல்லில் ஒன்றைச் சொன்னாள். "வடிவு."

பெரியம்மா உருகிப் போனார். "பாரன், எவ்வளவு வடிவாத் தமிழ் கதைக்குது. உடுத்துப் பாக்கப் போறியோ? கூறை வேண்டாம், இந்த மற்றச் சீலையை எடு. எழும்பு, எழும்பு. ஐயோ, இதென்ன உயரம் பிள்ளை."

அதே நேரம் ஆரணி, "அன்ரி, எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும். மாமாவும் குளிசை போடவேணுமாம்," என்று புவனாவைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். நான் அந்தக் காலத்தில் ஒரு குளிசையும் போடுவதில்லை. ஆனாலும் போனேன். பின்னால் வரப்பார்த்த தேவனை மதாம் வாசலில் மறித்தார். ஒருவரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் மறித்தார். "உங்களுடைய பிரஷரை நான் இன்னும் பார்க்கவில்லையே," என்று சொல்லி அவன் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடிக்கத் தொடங்கினார். அது குசினி வாசல். மதாம் ஆள் கொஞ்சம் அகலம். எலி கூட உள்ளே வந்திருக்க முடியாது.

குசினிக்குள் ஆரணி மெல்லப் பிரெஞ்சில் சொன்னாள். "மாமா, மதாம் சொன்னதில ஒரு வசனம் மிச்சம் இருக்கு."

"எந்த வசனம்?"

"நீங்கள்தான் சொல்லவேணும். எனக்கு அவ்வளவு தமிழ் வராது. நான் சொன்னா பிழைச்சுப் போம், அன்ரி பயந்திடுவா. நீங்கள் சொன்னா அவவுக்கு நோகாது."

பிள்ளைகளே, இதை இன்னொரு தரம் வாசியுங்கள். அவள், "நீங்கள் பொய் சொன்னீங்கள்," என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் அந்தக் கணமே படி இறங்கியிருப்பேன். அதன்பிறகு லா சப்பலில் ஒரு கதவும் அந்த ஆராய்ச்சிக்குத் திறந்திருக்காது, அதற்கு நானே காரணமாக இருந்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் புவனா செத்திருப்பாள். தானே சொல்ல வெளிக்கிட்டிருந்தால் அந்த உடைந்த தமிழில் என்ன வந்திருக்குமோ தெரியாது. மூன்றையும் விட்டுவிட்டு, என் கெட்டித்தனத்தையே எடுத்து என் கையில் தந்து, இதை வைத்துச் சொல்லு என்றாள். நான் போலீசோடு வாதாடியவன், வீட்டுக்காரனோடு வழக்குப் பேசி வென்றவன். அந்த வயதில் அப்படி ஒரு புத்தி எனக்கு வந்திருக்காது. எனக்கே வந்திருக்காது என்றால் பாருங்கள்.

சொன்னேன்.

"புவனா, உம்மடை ரெண்டு கிட்னியும் களைச்சுப் போச்சு. திங்கக்கிழமை இடம் பிடிச்சிருக்கினம், மெசினிலை விடவேணும். கலியாணம் முடியட்டுமெண்டு இருந்தா, கலியாணத்தில நீர் நிக்கமாட்டீர்."

புவனா தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். அழவில்லை.

"இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லேல்லை, அண்ணை," என்றாள். "கால் வீங்குது, படி ஏற மூச்சு வாங்குது, எனக்குத் தெரியாதோ? இவர் சொல்லட்டும் எண்டு நான் பாத்துக்கொண்டிருந்தன். நான் கேட்டா அவர் உடைஞ்சு போவார் எண்டு கேக்காமல் இருந்தன்."

புருசன் மனைவிக்காக ஒளிக்கிறான். மனைவி புருசனுக்காகக் கேட்காமல் இருக்கிறாள். நடுவில் நான் உப்பைக் குறைக்கச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

புவனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நாங்கள் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. நேரே பெரியம்மாவிடம் போனாள். அங்கே டெனீஸ் அரைவாசிச் சேலையில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். பெரியம்மா வாயில் ஊசியை வைத்துக்கொண்டு மடிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"அக்கா, எனக்குக் கிட்னி வருத்தம். திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறன். கூறையின்ரை நிறத்தை நீங்களே பாத்து முடிவெடுங்கோ."

தேவன் சுவரோடு சாய்ந்துவிட்டான். அவன் கையில் அந்தப் பட்டி இன்னும் சுற்றியிருந்தது. பெரியம்மா ஊசியை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார். டெனீசைப் பார்த்தார், ஆரணியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கதை கதைக்கத்தானோ என்னைக்கொண்டு இந்தப் பனைக்குச் சீலை சுத்துவிச்சனீங்கள்?"

எடுத்த ஊசிகளைச் சோபாவில் குத்திவிட்டுப் புவனாவின் பக்கம் திரும்பினார்.

"புவனா, நான் பெட்டையைத்தான் பாத்து வந்தனான். உம்மடை கிட்னியைப் பாத்து வரேல்லை. போம், ஆஸ்பத்திரிக்குப் போம். தேவன், நீர் ஏன் அங்கை நிண்டு முழிக்கிறீர்? இந்தப் பிள்ளைக்குத் தோளிலை குத்த ஒரு பெரிய ஊசி எடுத்துத் தாரும்."

அந்தப் பெரியம்மா வேறு மாதிரியும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்ன வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் எல்லாம் நல்லாக முடியும் என்று நினைத்துக்கொண்டு உண்மையைச் சொல்ல வேண்டாம். முடியாவிட்டாலும் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையம் வரை நடந்தே வந்தோம். மேலே பாலத்தில் மெத்ரோ ஓடுகிற சத்தம். அது அடங்கினதும் மதாம் கேட்டார், "குசினிக்குள் என்ன நடந்தது?" நான் வாய் திறக்க முதல் ஆரணி சொன்னாள். "துரை மாமா முழுக்க விளங்கப்படுத்தினார், மதாம். குசினிதான் அதுக்கு வசதியா இருந்தது."

மதாம் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த மனுசிக்கு எல்லாம் விளங்கியிருந்தது. அடுத்த கிழமை ஆராய்ச்சியில் ஒரு புதுக் கேள்வியைச் சேர்த்தார்: முடிவை நோயாளிக்கு யார் சொன்னது, அப்போது என்ன விடுபட்டது? மொழி தெரியாத எல்லாச் சனத்திடமும் அதைக் கேட்க வைத்தார். டெனீஸ் தன் நாட்டுக்குப் போய் அங்கேயும் கேட்டாள். எங்கள் சனம் பிந்தி வருகிறதற்கு அவர்களின் கால்தான் காரணம் என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள். பாதிக் காரணம் இடையில் நிற்கிற எங்கள் வாய். அந்த ஆராய்ச்சியில் என் பெயர் போடவில்லை. பரவாயில்லை, அது தொடங்கின குசினியில் நின்றவன் நான்.

நான் வேலை செய்கிற விதத்தையும் மாற்றினேன். டொக்டர் நீளமாகச் சொல்லத் தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்துவேன். "ஒவ்வொரு வசனமாகச் சொல்லுங்கள், ஒவ்வொன்றாகத் தருகிறேன்." சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். நோகாமல் சொல்கிறதை நான் விடவில்லை, நீங்களும் விடாதீர்கள். அது எங்கள் ஆட்களிடம் உள்ள நல்ல குணம். மெதுவாகச் சொல்லுங்கள், கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள், தனியே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். ஆனால் மிச்சம் வைக்காதீர்கள்.

கலியாணத்தில் புவனா நின்றாள். தோளுக்குக் கீழே மெசினுக்குப் போட்ட குழாய், அதை மறைத்து முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். ஆரத்தி எடுத்தாள், பந்தியில் என்னைப் பிடித்து இருத்தி இன்னும் இரண்டு வடை வைத்தாள். ஆரணியும் வந்திருந்தாள். தன்னைவிட மூத்த எல்லோரையும் "நீங்கள்" என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தாள். சின்னப் பிள்ளைகளையும்தான்.

அதெல்லாம் நடந்து கன காலம். நான் ஓய்வெடுத்துவிட்டேன். ஆரணி படித்து முடித்து இப்போது கிட்னிப் பகுதியில் டொக்டர். கோடையில் வருகிற மாணவர்களுக்கு அவளும் பயிற்சி கொடுக்கிறாள்.

போன மாரியில் என் காலும் வீங்கினது. மகன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். எத்தனையோ பேருக்காக நான் இருந்த கதிரைக்குப் பக்கத்தில், நோயாளியின் கதிரையில் அன்று இருந்தேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. வெளியே மகன் ஆரணியை மறித்துப் பிரெஞ்சில் குசுகுசுத்தான். அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம், எனக்குச் சொல்லுங்கோ, அவர் தாங்கமாட்டார். இங்கே பிறந்தவன். தமிழில் ஒரு வசனம் எழுதத் தெரியாது. எங்கள் பழக்கம் ஒன்றும் அவனுக்கு வரவில்லையே என்று நான் கவலைப்பட்டிருக்கிறேன். இந்த ஒன்று வந்திருந்தது.

ஆரணி அவனைக் கோப்பி வாங்க அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். மேசைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"மாமா."

"மிச்சம் வைக்காமல் சொல்லு, பிள்ளை."

என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தமிழில்தான் சொன்னாள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு சொல்லும் பிழைக்கவில்லை.